காப்பிக்கு வழி சொல்லும் செல்போன்!

ஏற்காடு மலைக் காப்பியை எல்லோரும் அறிந்துகொள்ள ஒரு புது யோசனை

ஏற்காடு ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறையில் நல்ல கூட்டம்.

பக்கத்தில் இருந்த காப்பித்தூள் கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். சேலத்தில் இருந்து வந்தவர்கள்.

"நல்ல காப்பித்தூள் அரைக் கிலோ கொடுங்கள்" என்றார், அந்த அம்மாள்.

கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"அராபிகாவா, ரோபஸ்டாவா அம்மா? பீபெரி வேண்டுமா? சிக்கரி எத்தனை பங்கு கலக்கட்டும்? வறுவல் இளசாக வேண்டுமா, கடுமையாக வேண்டுமா?"

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தார். கணவன் கடையின் கூரையைப் பார்த்தார்.

"எல்லோரும் என்ன வாங்குகிறார்களோ, அதையே கொடுங்கள்" என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில்.

கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. அவர் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள். அந்த அம்மாள் மேலும் குற்றம் இல்லை. தினமும் இரண்டு வேளை காப்பி போடுகிறவர்தான். வாசனையிலேயே நல்ல தூள் எது, பழைய தூள் எது என்று சொல்லிவிடக் கூடியவர்தான்.

ஆனால் அவருக்குத் தெரிந்த காப்பிக்கும், கடையில் பேசுகிற காப்பிக்கும் நடுவே சில சொற்கள் நிற்கின்றன. அந்தச் சொற்கள் அவரை வெட்கப்பட வைத்துவிட்டன.

இந்த வெட்கத்தைப் போக்க முடியுமா? கையில் இருக்கும் செல்போன் அதற்கு உதவுமா? அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

200 ஆண்டுக் காப்பி

சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5 ஆயிரம் அடி. ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பதால் ஏற்காடு என்று பெயர் வந்தது என்பார்கள்.

1820-களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் என்பவர். அவர்தான் இந்த மலையில் காப்பிச் செடியை ஊன்றினார். ஆக, ஏற்காட்டுக் காப்பிக்கு வயது ஏறக்குறைய 200.

இங்கே பெரும்பாலும் விளைவது அராபிகா. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடி வளர்கிறது. அந்த மரங்களின் மேல் மிளகுக்கொடி படர்கிறது. இடையே ஆரஞ்சும் வாழையும் உண்டு.

பெரிய தோட்டங்கள் மட்டும் அல்ல. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களில் பலரும் சிறு அளவில் காப்பி பயிரிடுகிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்பவர், மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ்.

செடி நட்டு முதல் காய் பார்க்கவே 3, 4 ஆண்டுகள் ஆகும். பழம் சிவந்ததும் கையால் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். 5, 6 கிலோ பழம் பறித்தால் சுமார் ஒரு கிலோ காப்பிக்கொட்டை மிஞ்சும்.

இவ்வளவு உழைப்புக்குப் பின் அந்தக் கொட்டை எங்கே போகிறது?

பெயர் எங்கே போயிற்று?

1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. அதன் பிறகு, விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. எல்லோருடைய காப்பியும் ஒன்றாகச் சேர்ந்து விற்பனைக்குப் போனது.

இதில் ஒரு நன்மை இருந்தது. விலை அடியோடு விழுந்துவிடாமல் விவசாயிக்கு ஒரு பிடிப்புக் கிடைத்தது. ஒரு தீமையும் இருந்தது. எது எந்த மலையின் காப்பி, யார் விளைத்த காப்பி என்பது குடிப்பவருக்குத் தெரியாமல் போயிற்று.

1990-களில் இந்தக் கட்டு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1996-ல் முழுவதும் நீங்கியது. இப்போது யாரும் தங்கள் காப்பியைத் தங்கள் பெயரிலேயே விற்கலாம்.

பெரிய தோட்டக்காரர்கள் விற்கிறார்கள். அழகான பொட்டலம் போடுகிறார்கள். ஆனால் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவர்களில் பலர் காப்பியைக் காயவைத்து, வருகிற வியாபாரியிடம் மூட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். மூட்டையோடு பெயரும் போய்விடுகிறது.

2019-ல் இந்தியாவின் 5 காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்கமகளூர், பாபாபூதன்கிரி, வயநாடு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவை அந்த ஐந்து. அந்தப் பட்டியலில் சேர்வராயன் மலை இல்லை.

மேலே, விளைப்பவருக்குப் பெயர் இல்லை. கீழே, குடிப்பவருக்கு விவரம் தெரியவில்லை. நடுவே 20 வளைவுகள்தான்!

பீரில் பிறந்த யோசனை

இதே தொல்லை மேனாட்டில் இன்னொரு பானத்துக்கும் வந்தது. அது பீர்.

அமெரிக்காவில் சிறு சிறு பீர் ஆலைகள் பெருகின. இன்று 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சுவை. புதிதாக வருகிறவர் பலகையில் எழுதியிருக்கும் 20 பெயர்களைப் பார்த்து, ஏற்காட்டுக் கடையில் அந்த அம்மாள் விழித்ததைப் போலவே விழித்தார்.

2010-ல் 'அன்டாப்டு' என்ற செல்போன் செயலி வந்தது. 'ஆப்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான் செயலி. எதைக் குடித்தோம், எப்படி இருந்தது என்று அதில் குறித்துக்கொள்ளலாம். ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாம். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் பார்க்கலாம்.

அதே ஆண்டில் டென்மார்க்கில் 'விவினோ' தோன்றியது. அது திராட்சை மதுவுக்கு உரியது. புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்தால் போதும். விவரம் எல்லாம் வந்துவிடும்.

பீரும் மதுவும் நம் வீட்டுக்கு வேண்டாத பொருள்கள். ஆனால் அந்தச் செயலிகளின் கருத்து மோசமானது அல்ல. அறியாதவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுதான் அது. அதைக் காப்பிக்குப் பயன்படுத்தினால் என்ன?

சேலத்தில் என் நண்பருடைய தம்பிக்கு இந்த ஆசை வந்தது. கம்ப்யூட்டர் என்ஜினீயர். வயது 24. ஏற்காட்டுக் காப்பிக்காக ஒரு செயலி செய்யத் தொடங்கினார்.

அத்தை வைத்த பரீட்சை

முதலில் செய்ததை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, யாராவது புதியவர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார்.

சேலம் கன்னங்குறிச்சியில் என் அத்தை இருக்கிறார். மலையடிவாரம் அது. மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை எதிரே நிற்கும். அத்தை பள்ளிக்கூடம் போகாதவர். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்துக் கற்றுக்கொண்டார். இப்போது எழுத்துக் கூட்டிப் பத்திரிகை படிப்பார். காப்பி விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்.

செல்போனை அத்தையிடம் கொடுத்தோம்.

முதல் பக்கம், பெயரைக் கேட்டது. போன் நம்பரைக் கேட்டது. இரகசியச் சொல் ஒன்று வைக்கச் சொன்னது. இரண்டாவது பக்கத்தில் 12 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி வகை. "உங்களுக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றது.

அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, இது உன்னைப் போல் படித்தவர்களுக்கு. எனக்கு எதற்குக் கண்ணு?" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் பெயரும் ஊரும் கேட்டுவிட்டா காப்பி கொடுப்போம்? முதலில் காப்பி. பேச்சு அப்புறம்."

என்ஜினீயர் தம்பி முகம் சுருங்கிப் போனார். ஆனால் அன்று இரவே புரிந்துகொண்டார். இத்தனை பேர் வேண்டாம் என்று அந்தச் செயலி தன் வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது!

அட்டையில் ஒரு செல்போன்

மறுநாள் அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் செல்போன் அளவுக்கு வெட்டினார். ஒவ்வோர் அட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வரைந்தார். அட்டையில் ஓர் இடத்தைத் தொட்டால், அடுத்த அட்டையை எடுத்து வைப்பார். அவ்வளவுதான்.

இது விளையாட்டு அல்ல. பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் முதலில் காகிதத்தில் செய்து பார்க்கின்றன. காகிதத்தில் தவறு செய்தால் ரப்பர் போதும். செயலியில் தவறு செய்தால் பல நாள் வேலை வீண்.

எத்தனை பேரிடம் காட்ட வேண்டும்? டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்றார்.

அத்தை, ஓர் ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர் ஒருவர், காய்கறிக் கடைக்காரப் பெண்மணி, ஓய்வு பெற்ற குமாஸ்தா. இந்த ஐந்து பேரிடம் அட்டைகள் போயின.

குறைகள் கொட்டின!

ஓர் அட்டையில் "அமிலத்தன்மை" என்று எழுதியிருந்தது. "ஆசிட்டா? அதைக் குடிக்கலாமா?" என்று பதறினார் காய்கறிக் கடைப் பெண்மணி.

காப்பி அறிந்தவர்களுக்கு அது பெருமைக்குரிய குணம். உயர்ந்த மலையில் விளைந்த அராபிகாவில் இருக்கும் மெல்லிய புளிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "இளம்புளிப்பு" என்று மாற்றியதும் பெண்மணி சிரித்தார். "மாதுளம்பழம் மாதிரியா? அப்படிச் சொல்லுங்களேன்!"

இன்னோர் அட்டையில் அம்புக்குறி மட்டும் இருந்தது. அடுத்த பக்கம் போக அதைத் தொட வேண்டும். தையல்காரருக்கு அது புரியவில்லை. "மேலும் பார்க்க" என்று எழுதியதும் விரல் தானாகப் போயிற்று.

நம் நாக்குக்கு நம் சொல்

சுவைக்குப் பெயர் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை.

காப்பி நிபுணர்களிடம் ஒரு சக்கரப் படம் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் செய்தார்கள். 2016-ல் திருத்தினார்கள். காப்பியில் தெரியும் மணமும் சுவையும் அந்தச் சக்கரத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். உலகம் முழுவதும் காப்பியைச் சுவைத்து மதிப்பிடுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நல்ல படம்தான். ஆனால் அதில் புளூபெரி, ராஸ்பெரி, மேப்பிள் பாகு என்றெல்லாம் இருக்கிறது. அவற்றைக் கண்ணால் காணாதவருக்கு அந்தச் சக்கரம் எப்படிச் சுழலும்?

நம் சமையலறையில் சுவைக்குப் பஞ்சமா? வெல்லப்பாகு, வறுத்த கடலை, நாரத்தங்காய்த் தோல், புளி, ஏலக்காய், பனங்கற்கண்டு, கொக்கோ, கருகிய முறுகல் தோசை! இவற்றை அறியாத நாக்கு உண்டா?

தம்பி இப்போது எட்டுப் படங்கள் வரைந்தார். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரே ஒரு சொல். "உங்கள் காப்பி இவற்றில் எதை நினைவூட்டுகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி. தவறான பதில் என்று ஒன்று கிடையாது. தெரியவில்லை என்றால், "தெரியவில்லை" என்று ஒரு படமும் உண்டு.

காப்பியின் கனத்துக்கும் இதே வழிதான். தண்ணீர் போலவா, மோர் போலவா, பால் போலவா? இதைக் கேட்டால் குழந்தையும் பதில் சொல்லும்.

வேண்டியபோது விளக்கம்

அப்படியானால் அராபிகா, பீபெரி என்ற சொற்களே வேண்டாமா? வேண்டும். கடையில் அவை இருக்கின்றனவே! ஆனால் வாசலில் நின்று பாடம் நடத்தக் கூடாது. கேட்டபோது சொல்ல வேண்டும். இரண்டு வரிக்குள் சொல்ல வேண்டும்.

தம்பியின் அட்டைகளில் இருந்து சில:

அராபிகா: உயரமான மலையில் விளையும். மணம் மிகுதி. கசப்புக் குறைவு.

ரோபஸ்டா: தாழ்ந்த இடத்திலும் விளையும். கசப்பும் கனமும் மிகுதி. காபின் என்ற ஊக்கப்பொருள் அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பீபெரி: தனிச் செடி அல்ல. வழக்கமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகள் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று, பட்டாணி போல் உருண்டையாக இருக்கும். அதைப் பொறுக்கி எடுத்துத் தனியாக விற்கிறார்கள்.

சிக்கரி: இது காப்பியே அல்ல! ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காபின் கிடையாது.

சிக்கரியைப் பற்றி வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கலவைத் தூளில் நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை பங்கு காப்பி, எத்தனை பங்கு சிக்கரி என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். சிறிய எழுத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

பொட்டலத்தைப் படம் பிடித்தால் செயலி அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டும். இது ஒன்றுக்காகவே அந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஓய்வு பெற்ற குமாஸ்தா.

பேசும் போன்

படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என்ன வழி? செயலி பேச வேண்டும்!

இதற்குக் காப்பி உலகத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2018-ல் காப்பி வாரியத்தின் சார்பில் 'காப்பி கிருஷி தரங்கா' என்ற திட்டத்தை அப்போதைய மத்திய வர்த்தக மந்திரி சுரேஷ் பிரபு தொடங்கி வைத்தார். முதலில் கர்நாடகத்தில் சிக்கமகளூர், ஹாசன் மாவட்டங்களில் நடந்தது.

விவசாயியின் சாதாரணப் போனுக்கே அழைப்பு வரும். எப்போது உரம் இடுவது, பூச்சிக்கு என்ன செய்வது என்று குரலில் சொல்லும். விவசாயியும் தன் சந்தேகத்தைக் குரலில் பதிவு செய்யலாம். எழுதப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் துணை நின்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் மைக்கேல் கிரேமர். 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். உலகம் போற்றும் அறிஞர், எழுத்தறியாதவருக்கும் எட்டும் வழியைத்தான் தேடினார்!

நம் தம்பியும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஒலிபெருக்கிப் படம் வைத்திருக்கிறார். தொட்டால் அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொல்லும்.

இன்னொன்று. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. வளைவு திரும்பினால் போய்விடும். ஆகவே, முக்கியமான விவரங்கள் போனிலேயே தங்கி இருக்க வேண்டும். சிக்னல் இல்லாதபோதும் செயலி வேலை செய்ய வேண்டும்.

காப்பி முடிவது நம் அடுப்படியில்

இனி, மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். பீர் செயலியைப் போல ஐந்துக்கு இத்தனை என்று போட்டுவிடலாமா?

இங்கேதான் பீருக்கும் காப்பிக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

பீர், ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. குடிப்பவர் புட்டியைத் திறப்பது ஒன்றுதான் செய்கிறார். காப்பியோ நம் அடுப்படியில்தான் முடிகிறது! தூள் பழசாக இருந்தால் மணம் போய்விடும். தண்ணீர் சூடு போதாவிட்டால் டிக்காக்ஷன் சப்பென்று இருக்கும். இறங்கிய டிக்காக்ஷனை மீண்டும் கொதிக்க வைத்தால் கசக்கும்.

விவசாயி செடியை வளர்த்து, பழம் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, பல நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்திருப்பார். நாம் அடுப்பில் வைத்து மறந்துவிட்டு, "காப்பி கசப்பு, ஒரு மதிப்பெண்" என்று போட்டுவிடலாமா? பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். ஓர் ஏக்கர்க்காரர் தாங்குவாரா?

ஆகவே, இந்தச் செயலியில் மதிப்பெண் கிடையாது. "எனக்கு ஏற்றது", "எனக்கு ஏற்றது அல்ல" என்று இரண்டுதான் உண்டு. அதற்கு முன் ஒரு கேள்வி வரும்: "எப்படிப் போட்டீர்கள்? பில்டரிலா, கொதிக்க வைத்தா? பால் சேர்த்தா, சேர்க்காமலா?"

பீர் செயலியில் இருக்கும் இன்னொன்றையும் தம்பி எடுத்துவிட்டார். அதிக வகை குடித்தவருக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அது. "பதக்கத்துக்காக ஒருவர் நாளுக்கு எட்டுக் காப்பி குடித்தால் தூக்கம் என்ன ஆவது?" என்று கேட்டார். சரியான கேள்வி!

மேலே இருப்பவருக்கு என்ன லாபம்?

ஒவ்வொரு காப்பிக்கும் ஓர் அட்டை. அதில் விளைந்த ஊர், பறித்த மாதம், காயவைத்த முறை ஆகியவை இருக்கும். ஏற்காட்டில் அராபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பரில் தொடங்கும். எனவே, பறித்த மாதத்தைப் பார்த்தால் புதிய கொட்டையா, போன ஆண்டுக் கொட்டையா என்று தெரிந்துகொள்ளலாம்.

விவசாயியின் பெயரைப் போடலாமா? அவர் சம்மதித்தால் மட்டும் போடலாம். பணம் கொடுத்தவரின் காப்பியைப் பட்டியலில் மேலே ஏற்றலாமா? கூடவே கூடாது. ஒருமுறை ஏற்றினால், சிறியவர் என்றும் அடியில்தான் கிடப்பார்.

செயலி வந்தவுடன் மலையில் பணம் கொட்டிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் விளைவது இந்தியக் காப்பியில் நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான். சிறு விவசாயிகள் ஒன்றுகூடி நல்ல முறையில் பதப்படுத்த வேண்டும். பொய்ப் பெயர் ஒட்டுகிறவர்களைத் தடுக்க வேண்டும். அதை எல்லாம் செல்போன் செய்துவிடாது.

ஆனால் ஒரு வேலையைச் செல்போன் செய்யும். "எல்லோரும் வாங்குகிறதையே கொடுங்கள்" என்று சொல்கிறவரை, "எனக்கு இது வேண்டும்" என்று சொல்ல வைக்கும். கேட்பவர் இருந்தால்தான் பெயருக்கு விலை உண்டு.

இரண்டு டம்ளர்

போன வாரம் மறுபடியும் அத்தை வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை தம்பி கையில் புதிய அட்டைகள்.

முதல் அட்டையில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. "இரண்டு டம்ளர் எடுங்கள். இரண்டு தூளில் காப்பி போடுங்கள். பால் சேர்க்கும் முன் ஒவ்வொரு ஸ்பூன் குடித்துப் பாருங்கள்" என்று மட்டும் இருந்தது.

ஒன்று, அத்தை எப்போதும் வாங்கும் கலவைத் தூள். மற்றொன்று, நாங்கள் மலையில் இருந்து கொண்டு போனது. சிக்கரி இல்லாதது.

அத்தை முதல் டம்ளரில் ஒரு ஸ்பூன் குடித்தார். வறுத்த வேரின் கசப்பு. கருகிய தோசைப் படத்தில் விரலை வைத்தார்.

இரண்டாவது டம்ளர். ஒரு ஸ்பூன் குடித்தார். சற்று நேரம் பேசவில்லை. இன்னொரு ஸ்பூன் குடித்தார்.

"இதில் நாரத்தங்காய்த் தோல் வாசம் வருகிறதே!" என்றார்.

தம்பி ஒன்றும் சொல்லாமல் அடுத்த அட்டையை எடுத்து வைத்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வி-ளை-ந்-த ஊ-ர்... நாகலூர்."

நிமிர்ந்து பார்த்தார்.

"நாகலூரா? ஏற்காட்டுப் பக்கத்து நாகலூரா? நம் மலைக் காப்பியா இது?"

"ஆமாம் அம்மா" என்றார் தம்பி.

"40 வருஷமாக இந்த மலையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறேன். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே?" என்று கேட்டார் அத்தை.

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அத்தை பால் காய்ச்ச எழுந்து போனார். போகும்போது அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போய், சமையலறை அலமாரியில் காப்பி டப்பாவின் அருகே சாய்த்து வைத்தார்.